மிலிட்டரில செத்துப்போன நண்பன்கிட்ட வாங்குன காச யார்கிட்ட திருப்பி குடுக்கணும்?

12 அக்டோபர் 2024, ராத்திரி 11.40

நேரா விஷயத்துக்கு வர்றேன். என் நண்பன் ஆர்மில இருந்தான், மெட்ராஸ் ரெஜிமென்ட். போன வருஷம் ஐப்பசில சியாச்சின்ல செத்துப்போனான். 2019-ல நான் சின்ன யானை லோடு வண்டி எடுக்கும்போது முன்பணம் கட்ட அவன்கிட்ட 60,000 ரூபா வாங்குனேன். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, அவன் வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். லீவுல வந்தப்ப நாலு தடவ திருப்பி நீட்டிருக்கேன், "வச்சிக்கடா மாப்ள, பென்ஷன் வாங்கிட்டு ஊருக்கு வர்றப்ப பாத்துக்கலாம்"னு நாலு தடவையும் தள்ளிட்டான். வண்டி லோன் இந்த ஆனியோட முடிஞ்சுது. காசு இப்ப என் பீரோவுல மஞ்சப்பைக்குள்ள இருக்கு. அவன் பொண்டாட்டி பையனோட அதோட அம்மா வீட்டுக்கு, பெரியகுளம் பக்கம், போயிருச்சு. அவன் ஆத்தா எங்க ஊருலயே தனியா இருக்கு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. காச யார்கிட்ட குடுக்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

13 அக்டோபர், காலைல 6.15

எல்லாரும் சட்டப்படி வாரிசு யாருன்னு கேக்குறீங்க. சட்டப்படி பொண்டாட்டிதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. பென்ஷன் அதுக்குத்தான் வருது. லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன்னு பேரு, கடைசியா வாங்குன சம்பளம் அப்படியே வரும். அந்த மாதிரி உசரமான போஸ்ட்ல குளுருலயோ பனிச்சரிவுலயோ செத்தா சென்டர் குடுக்குற கருணைத்தொகை 35 லட்சம், அதுவும் அது பேருலதான். கவர்மென்டு பேப்பர்ல பொண்டாட்டி இருக்கும்போது ஆத்தாவுக்கு பென்ஷன்ல பங்கு கிடையாது. ரூல் அப்படி.

ஆனா அவன் உசுரோட இருந்த வரைக்கும் மாசாமாசம் ஆத்தாவுக்கு 5,000 போட்டுட்டு இருந்தான். அது நின்னு போச்சு. இதுக்கு யார குத்தம் சொல்றது? அந்த பொண்ணுக்கு 27 வயசு, கையில நாலு வயசு பையன், எதிர்க்க முழு வாழ்க்கை கெடக்கு. ஆத்தாவுக்கு 61, ரெண்டு ஆடு, ஓட்டு வீடு. ரெண்டு பேரு பேசுறதையும் தனித்தனியா கேட்டா ரெண்டுமே நியாயமாத்தான் இருக்கு. அதனாலதான் இங்க வந்து கேக்குறேன்.

லோடு ஏத்தணும், ராத்திரி வர்றேன்.

13 அக்டோபர், ராத்திரி 10.50

"சண்டையில சாகலையே, அப்ப எப்படி போர்ல செத்த கணக்கு"ன்னு ஒருத்தர் கேட்டுருக்காரு. கோவமா எழுதி அழிச்சுட்டு மறுபடி எழுதுறேன்.

சியாச்சின்ல 1984 ஏப்ரல் 13-ல இருந்து நம்ம ஆளுங்க உக்காந்துருக்காங்க, ஆபரேஷன் மேக்தூத்னு பேரு. 2003 நவம்பர்ல சண்டை நிறுத்தம் வந்துச்சு, அதுக்கப்புறம் அங்க துப்பாக்கி சத்தமே இல்லன்னு அவனே சொல்லுவான். இன்னைக்கு வரைக்கும் அந்த மலையில செத்தவங்கள்ல குண்டு பட்டு செத்தவங்க கம்மி, குளுரும் பனியும் கொண்டுபோனவங்கதான் அதிகம். அதனால அங்க பனியில செத்தாலும் ஆர்மி கணக்குல பேட்டில் கேஷுவல்டிதான். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி 19 மெட்ராஸ் பட்டாலியன் ஆளுங்க பத்து பேரு மேல பனிப்பாறை சரிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? ஒருத்தர ஆறு நாள் கழிச்சு உசுரோட தோண்டி எடுத்தாங்க, டெல்லி ஆஸ்பத்திரில 11-ஆம் தேதி அவரும் போயிட்டாரு. அந்த பத்துல நாலு பேரு தமிழ்நாடு, ஒருத்தர் எங்க தேனி மாவட்டம். டிவில மெட்ராஸ் ரெஜிமென்ட்னு சொன்ன உடனே நான் வண்டிய ஓரங்கட்டிட்டு இவனுக்கு போன் அடிச்சேன். இவன் வேற பட்டாலியன், அப்ப ராஜஸ்தான்ல இருந்தான். "நான் இங்க வெயில்ல வெந்துட்டு இருக்கேன்டா, பனியில சாவேன்னு நினைச்சியா"ன்னு சிரிச்சான்.

அத நினைச்சுத்தான் கோவம் வந்துச்சு. கேட்டவரு மேல இல்ல.

15 அக்டோபர், ராத்திரி 12.20

தூக்கம் வரல. அன்னைக்கு நடந்தத எழுதுறேன், பெருசா இருக்கும்.

அவன் பொணத்த லடாக்ல தோய்ஸ்ங்குற ராணுவ விமானத்தளத்துல விமானம் ஏத்தி, டெல்லி வந்து, டெல்லில இருந்து மதுரை, மதுரையில இருந்து ஆர்மி வண்டில ஊருக்கு வந்து சேர நாலு நாள் ஆயிருச்சு. அந்த நாலு நாளும் ஊருல யாருக்கும் என்ன செய்யுறதுன்னு தெரியல. பொணம் வீட்டுல இல்லாம ஒப்பாரி எப்படி வைக்கிறது? பொம்பளைங்க வர்றாங்க, உக்காருறாங்க, ஆத்தா மொகத்த பாக்குறாங்க, எந்திரிச்சு போறாங்க. ஃப்ளெக்ஸ் மட்டும் முதல் நாளே வந்துருச்சு, வீரவணக்கம்னு போட்டு, இவன் போட்டோ நடுவுல சின்னதா, சுத்தி எங்க ஊரு பெரிய மனுஷங்க போட்டோ பெருசு பெருசா.

பெட்டி வந்துச்சு. மொகத்த மட்டும் கொஞ்ச நேரம் காட்டுனாங்க. மொகம் கருத்துருந்துச்சு, வேற ஒன்னும் எழுத மாட்டேன்.

இப்ப என் விஷயம். எங்க பக்கம் கேதம்னா எல்லாத்துக்கும் முறை இருக்கு. தாய்மாமன் கோடி போடணும், சம்பந்தி வீட்டு கோடி தனி, நீர்மாலை எடுக்க பங்காளிங்க, கொள்ளிக்குடம் தூக்க மகன். பையனுக்கு அப்ப மூணு வயசு, சித்தப்பா தூக்கி வச்சிருந்தாரு. நானும் அவனும் வாய்க்கு வாய் மாப்ள மச்சான்னுதான் பேசுவோம், அவன் ஆத்தாவ நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன், ஆனா அது வாய்முறைதான, ரத்தத்துல ஒன்னும் இல்ல. கோடி போட வாங்கன்னு ஒவ்வொருத்தரையா கூப்பிடுறாங்க, என்னைய யாரு கூப்பிடுவா? அந்தப் பக்கம் ஆர்மிக்காரங்களும் அப்படித்தான், அவங்க பேப்பர்ல அடுத்த உறவு யாருன்னு ஒரு பேரு இருக்கு, அந்த பேருக்கு கொடி, அந்த பேருக்கு சல்யூட். ஒன்னாப்புல இருந்து கூட திரிஞ்சவனுக்கு எந்தப் பக்கமும் நிக்க எடம் இல்ல. பந்தலுக்கு கயிறு கட்டுனேன், சேர் எடுத்து போட்டேன், வந்தவங்களுக்கு தண்ணி குடுத்தேன்.

சுடுகாட்டுல மூணு தடவ வானத்த பாத்து சுட்டாங்க. பியூகிள் ஊதுனாங்க. துப்பாக்கிய தலைகீழா புடிச்சு தலைய குனிஞ்சு நின்னாங்க. எல்லாம் முடிஞ்சு கூட்டம் கலையுறப்ப ஒரு சின்னப் பையன், இருபது இருபத்தோரு வயசு சிப்பாய், புல்லுக்குள்ள குனிஞ்சு எதையோ தேடிட்டு இருந்தான். என்ன தம்பின்னு கேட்டேன். கோக்கா ஒன்னு கொறையுதுண்ணேன்னான். சுட்ட காலி தோட்டாவ அவங்க அப்படித்தான் சொல்றாங்க, எத்தன சுட்டாங்களோ அத்தனையும் எண்ணி கணக்கு குடுக்கணுமாம். சரின்னு நானும் குனிஞ்சேன். ரெண்டு பேரும் ஆவாரம் செடிக்குள்ள, நெருஞ்சி முள்ளுக்குள்ள அரை மணி நேரம் தேடுனோம். என் கையில முள்ளு ஏறி ரத்தம் வந்துச்சு. கடைசில ஒரு ஓணான் பொந்து பக்கத்துல மண்ணுல பாதி புதைஞ்சு கெடந்துச்சு, பித்தளை, விரல் நீளம், மோந்து பாத்தா தீபாவளி வாசம். அத அந்த தம்பி கையில குடுத்தப்ப அவன் எனக்கு சல்யூட் அடிச்சான். பழக்கத்துல அடிச்சிருப்பான்.

என் நண்பன் சாவுக்கு நான் செஞ்ச ஒரே காரியம் அதுதான். அதுக்கப்புறம்தான் அழுதேன், அங்கயே, வண்டிக்குப் பின்னாடி நின்னு.

15 அக்டோபர், காலைல 9.00

கொடிய பொணத்தோட சேத்து எரிப்பாங்களான்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. இல்ல. கொடிச் சட்டம் அத அனுமதிக்காது, எரிக்கவும் கூடாது, குழிக்குள்ள எறக்கவும் கூடாது. பெட்டி மேல காவி நிறம் தலைப்பக்கம் வர்ற மாதிரி விரிச்சு கொண்டு வருவாங்க, தீ வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து மடிச்சு வீட்டுக்காரங்க கையில குடுத்துருவாங்க. தங்கச்சி கையில குடுத்தாங்க. (நான் அவன் பொண்டாட்டிய தங்கச்சின்னுதான் சொல்லுவேன், அது என்னைய அண்ணேன்னு கூப்பிடும்.) அந்தக் கொடியும் பெரியகுளத்துலதான் இருக்கு. அத்தைக்கு அதுதான் பெரிய கொற, காச விட.

19 அக்டோபர்

"எப்படி ஆர்மிக்கு போனாரு, கஷ்டமா"ன்னு ஒருத்தர் கேட்டாரு, வீட்டுல தம்பி ட்ரை பண்றானாம். அக்னிவீர் பத்தி இங்க சண்டை ஆரம்பிச்சுறாதீங்க, நாலு வருஷம்ங்குறது பத்தி எனக்கும் கருத்து இருக்கு, இந்த எடத்துல வேண்டாம்.

நாங்க போனது 2013. நான்தான் அவன இழுத்துட்டு போனேன். எனக்குத்தான் மிலிட்டரி வெறி. காலைல நாலரை மணிக்கு அவன் வீட்டு ஜன்னல்ல கல்லெறிஞ்சு எழுப்பி, வைகை ஆத்து மணல்ல ஓடுவோம். ஆளெடுப்பு அன்னைக்கு 1,600 மீட்டர் ஓட்டம், நான் அவனுக்கு முன்னாடி முடிச்சேன். கம்பியில தொங்கி எடுக்குற பீம் பத்து எடுத்தேன். அவனும் எடுத்தான். மெடிக்கல்ல என்னைய நிக்க வச்சு முட்டி ரெண்டும் ஒட்டுதுன்னு சொல்லி ஓரமா போகச் சொல்லிட்டாங்க. நாக் நீன்னு சொல்லுவாங்களே அது. அன்னைக்கு வரைக்கும் என் முட்டிய நான் பாத்ததே இல்ல. அவன் உள்ள போனான், நான் கேட்டுக்கு வெளிய அவன் செருப்ப வச்சுக்கிட்டு நின்னேன்.

நீலகிரி வெலிங்டன்ல ட்ரெய்னிங் முடிஞ்சு, சத்தியம் எடுக்குற கசம் பரேடுக்கு நானும் அத்தையும் போனோம். மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ல ஏறுறப்பவே அத்தைக்கு குளுரு தாங்கல, என் சட்டைய மேல போட்டுக்கிச்சு. அத்தன பேரும் ஒரே மூச்சா "வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு கத்துனப்ப அத்தை என் கைய புடிச்சு, "ஏன்டா இப்படி கத்துறாய்ங்க, தொண்டை புண்ணாயிராதா"ன்னு கேட்டுச்சு. 1758-ல ஆரம்பிச்ச ரெஜிமென்ட், ஆர்மிலயே பழசு இதுதான்னு பக்கத்துல ஒரு பெரியவரு பெருமையா சொல்லிட்டு இருந்தாரு, அத்தைக்கு அது காதுல விழுந்த மாதிரியே தெரியல.

நான் எழுப்பி கூட்டிட்டு போகலன்னா அவன் போயிருக்க மாட்டான். இத ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல.

20 அக்டோபர்

நேத்து எழுதுனதுல ஒரு திருத்தம். ஓட்டத்துல நான் முன்னாடி முடிச்சேன்னு எழுதிட்டேன், பொய். அவன்தான் முன்னாடி. கடைசி ரவுண்டுல எனக்கு மூச்சு வாங்குனப்ப அவன் திரும்பி, "எங்க அப்பன் கடன நெனச்சு ஓடுறேன், நீயும் எதையாச்சும் நெனச்சு ஓடு"ன்னு கத்திட்டு போனான். அவங்க அப்பா அப்பதான் செத்து எட்டு மாசம், வட்டிக்காரன் வாசல்ல உக்காந்துருந்தான். அவன் அந்த வேலைக்கு போனதுக்கு காரணம் அவன் வீட்டுலயே இருந்துச்சு. மேல ஒரு அண்ணன் "நீங்க இழுத்துட்டு போகலன்னா வேற யாராச்சும் கூட போயிருப்பாரு"ன்னு எழுதுன பிறகுதான் இது ஞாபகம் வந்துச்சு. எப்படி இத மறந்தேன்னு தெரியல.

26 அக்டோபர், ராத்திரி

இன்னைக்கு சின்னமனூர்ல வாழைத்தார் ஏத்தி தார்ப்பாய் கட்டும்போது கை தானா எட்டு முடிச்சு போட்டுச்சு. அது அவன் சொல்லிக் குடுத்தது.

கடைசி லீவுல வந்தப்ப, மேல போறதுக்கு முன்னாடி. எங்க வீட்டு திண்ணையில உக்காந்து மாட்டுக் கயித்த எடுத்தான். "கயித்த ரெண்டா மடி. மடிச்சத வச்சு ஒரு வளையம் போடு. பின்னாடி சுத்தி முன்னாடி கொண்டா. இப்ப அந்த ஓட்டைக்குள்ள விட்டு இழு. பாரு, எட்டு மாதிரி வந்துச்சா? இத இடுப்பு கொக்கில மாட்டிருவோம். முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன். ஒருத்தன் வெடிப்புக்குள்ள விழுந்தா மத்தவன் எல்லாம் அப்படியே பனியில படுத்துக்கணும்." என்னைய திண்ணையில இருந்து குதிக்கச் சொல்லி அவன் தரையில படுத்து புடிச்சான். அத்தை வந்து ரெண்டு பேரையும் வைஞ்சுச்சு, முப்பது வயசு எருமைங்கன்னு.

அங்க ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து மாதிரி ஆயிரும்னு, மண்ணெண்ணெய் அடுப்பு பொகையில எச்சி துப்புனா கருப்பா வரும்னு, வெறுங்கையில இரும்ப தொட்டா தோலு ஒட்டிக்கிரும்னு, ஏற்கனவே போய் வந்தவங்க சொன்னத எல்லாம் கதை மாதிரி சொன்னான். கீழ பேஸ் கேம்ப்ல ஓபி பாபான்னு ஒரு கோயில் இருக்காம். ஓம் பிரகாஷ்னு ஒரு சிப்பாய், செத்த பிறகும் மத்தவங்கள காக்குறாருன்னு நம்பிக்கை. மேல ஏறுறதுக்கு முன்னாடி அங்க போய் ரிப்போர்ட் பண்ணணும், எறங்கி வந்த பிறகும் போய் வந்துட்டேன்னு சொல்லணும். "நம்ம கருப்பன் மாதிரிடா, சுருட்டு மட்டும் கிடையாது"ன்னான். போறப்ப ரிப்போர்ட் பண்ணிருப்பான்.

முன்னாடி எங்கயோ அவன் பள்ளத்துல விழுந்தான்னு ஒரு பதில்ல எழுதிருந்தேன், அதுவும் சரியில்ல. கூட வந்த சுபேதார் சொன்னது இதுதான்: ரோந்துல கயிறு கட்டி வரிசையா போயிட்டு இருந்தாங்க, மேல இருந்து பனி சரிஞ்சு வந்து மூடிருச்சு. முடிச்சு அவுறல. கயித்த புடிச்சுக்கிட்டே தோண்டித்தான் எடுத்தாங்களாம்.

31 அக்டோபர், தீபாவளி

காலைல அத்தை வீட்டுக்கு மஞ்சப்பையோட போனேன். தல தீபாவளி வரைக்கும் வருஷா வருஷம் அவன் வீட்டுல நானும், என் வீட்டுல அவனும் இட்லி திம்போம். கறிக்கொழம்பு வைக்கல, கேத வருஷம். பை மடியிலயே இருந்துச்சு. குடுக்கல. வந்துட்டேன்.

9 நவம்பர்

"வீரமரணம்", "தியாகி" எது சரின்னு ரெண்டு பேரு மேல மல்லுக்கு நிக்கிறீங்க. ஆர்மி பேப்பர்ல தியாகிங்குற வார்த்தையே கிடையாது, பேட்டில் கேஷுவல்டின்னுதான் போடுறாங்க. வீரமரணம்னு பேப்பர்ல படிச்சப்ப முதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு, பனிக்குள்ள மூச்சு முட்டி செத்தவன பத்தி என்ன தெரியும் இவங்களுக்குன்னு. அப்புறம் ஒரு நாள் அத்தை அந்த பேப்பர் துண்ட மடிச்சு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில வச்சிருந்தத பாத்தேன். அந்த ஒரு சொல்லு மேல மட்டும் விரல் பட்டு பட்டு மை மங்கிருக்கு. அதுக்கு எழுதப் படிக்க தெரியாது, யாரையோ கேட்டு எந்த எடத்துல அந்த சொல்லு இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கு. அதுக்கப்புறம் எனக்கு அந்த வார்த்தை மேல எந்த கோவமும் இல்ல.

டெல்லில இருக்குற அண்ணன் ஒருத்தரு, தேசிய போர் நினைவிடத்துல அவன் பேர தேடி போட்டோ எடுத்து அனுப்புறேன்னு சொல்லிருக்காரு. ரொம்ப நன்றிண்ணே. 2019 பிப்ரவரில திறந்தாங்களே அதுதான், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கருங்கல்லு, அதுல பேரு. பேர இங்க போட மாட்டேன், தனியா அனுப்புறேன்.

கல்லுன்னதும் ஒன்னு சொல்லணும். எங்க ஊருல இருந்து கொஞ்ச தூரத்துல புலிமான்கோம்பை இருக்கு, ஆண்டிபட்டி தாலுகா. 2006-ல அங்க நடுகல்லு கெடைச்சுது, தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆளுங்க கண்டுபிடிச்சது, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு, தமிழ் பிராமி எழுத்து. அதுல ஒன்னு மாடு கவர்ற சண்டையில செத்த அந்தவன்னு ஒருத்தனோட கல்லு. வாழைக்காய் லோடு எறக்கப் போனப்ப ஒரு வாத்தியாரு சொல்லி கேட்டேன். அப்ப நான் கேட்டது, யாரு சார் அந்த கல்ல நட்டதுன்னு. அவரு அது எழுதலைன்னாரு. பேரும் ஊரும் எப்படி செத்தான்ங்குறதும் மட்டும்தான் இருக்காம். அவன் கூட மாடு மேச்ச பயலுகதான் தூக்கி வந்து நட்டிருப்பாய்ங்கன்னு எனக்கு தோணுது. வாத்தியாரு ஒத்துக்கல, எனக்கு அப்படித்தான் தோணுது.

17 நவம்பர்

வருஷத் திதி முடிஞ்சுது. தங்கச்சி வந்துச்சு, பையனோட. அத்தையும் அதுவும் ஒரே பந்தில உக்காந்தாங்க, பேசல. பையன் மட்டும் ரெண்டு மடிக்கும் மாறி மாறி ஓடிட்டு இருந்தான்.

எல்லாரும் போன பிறகு அத்தைகிட்ட விஷயத்த சொல்லி பைய நீட்டிட்டேன். வாங்கல. "அவன் உனக்கு குடுத்தத நீ எதுக்கு எனக்கு குடுக்குற? நாளைக்கு அவளுக்கு தெரிஞ்சா கெழவி ஒளிச்சு வாங்கிட்டான்னு ஆகும். எனக்கு அந்த பேச்சு வேண்டாம்." அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அவன் பேசுனது ஏதாச்சும் உன் போன்ல இருக்காடா"ன்னு கேட்டுச்சு.

இருந்துச்சு. வாட்ஸப்ல ஒரு வாய்ஸ் நோட், நாப்பது செகண்டு. கெணத்து மோட்டார் காயில் எரிஞ்சத பத்தி. "மாப்ள, ஆத்தாகிட்ட சொல்லு, அந்த பழைய ஆளுகிட்ட குடுக்க வேணாம், அவன் போன தடவ கட்டுன காயில் மூணு மாசம்கூட தாங்கல, நீயே ஆண்டிபட்டிக்கு எடுத்துட்டு போ, காசு போடுறேன்." அவ்வளவுதான். அத்தை ரெண்டு தடவ கேட்டுச்சு. காதுல வச்சு, கண்ண மூடி. "சளி புடிச்ச மாதிரி இருக்கு கொரலு. மருந்து சாப்புட்டானா என்னமோ"ன்னு சொல்லுச்சு.

18 நவம்பர்

அந்த வாய்ஸ் நோட்ட போன்ல மட்டும் வச்சிருக்காதீங்க, வேற எடத்துலயும் ஏத்தி வைங்கன்னு சொன்ன எல்லாருக்கும் நன்றி. மூணு எடத்துல ஏத்திட்டேன். மெமரி கார்டுல போட்டு அத்தை வீட்டு ரேடியோ பொட்டியிலயும் குடுத்துருக்கேன், அதுல பாட்டு நடுவுல வரும்.

1 டிசம்பர்

பெரியகுளம் போயிட்டு வந்தேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லோடு இல்ல.

தங்கச்சிகிட்ட பைய வச்சேன், 60,000 இருக்கு, அவன்கிட்ட வாங்குனதுன்னு சொன்னேன். அது எந்திரிச்சு உள்ள போச்சு. அவனோட கருப்பு டிரங்குப் பெட்டி, மேல வெள்ளை பெயின்ட்ல நம்பரும் பேரும், அதுக்குள்ள இருந்து ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்துட்டு வந்துச்சு. நடுப் பக்கத்துல கோடு போட்டு ரெண்டா பிரிச்சிருக்கான். ஒரு பக்கம் மேல "வர வேண்டியது"ன்னு எழுதி கீழ நாலஞ்சு பேரு, தொகை, ரெண்டு பேரு அடிச்சிருக்கு. இன்னொரு பக்கம் "நம்மது"ன்னு எழுதிருக்கான். அதுக்குக் கீழ: கெணறு மோட்டார். ஓடு மாத்துனது. வண்டி 60.

என் பேரு "வர வேண்டியது"ல இல்ல. நான் அந்த பக்கத்தையே பாத்துட்டு இருந்தேன், அவன் எழுத்து எப்பவுமே வலதுபக்கம் ஏறிட்டே போகும், பள்ளிக்கூடத்துல கோடு போட்ட நோட்டுலயும் ஏறும், அதுக்கு அடி வாங்குவான். வண்டிங்குறதுல அந்த டி மேல கோட்ட தாண்டி போயிருந்துச்சு.

"எனக்கு தெரியும்ணே"ன்னுச்சு தங்கச்சி. "பதினஞ்சு வருஷம் முடிச்சு பென்ஷனோட வந்து, உங்களோட சேந்து இன்னொரு வண்டி எடுக்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு. பாதி வண்டி நம்மதுன்னு சொல்லுவாரு. கடன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப நீங்க முதல குடுத்துட்டா பங்கு முடிஞ்சு போயிரும்ல?"

நான் என்ன சொல்ல முடியும்? ஒரு வருஷமா பீரோவ திறக்கும்போதெல்லாம் அந்த பைய பாத்து, குடுக்கணும் குடுக்கணும்னு சொல்லிட்டு குடுக்காம இருந்ததும் அதனாலதான்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

பேசி முடிவு பண்ணது இது. வண்டி பாதி பையனோடது. மாசா மாசம் கணக்கு பாத்து லாபத்துல பாதி அவன் பேருல போஸ்ட் ஆபீஸ்ல போடணும். நான் டிரைவர் சம்பளம் எடுத்துக்கிட்டுத்தான் லாபம் பாக்கணும்னு தங்கச்சி கண்டிஷன் போட்டுச்சு, அத நான் ஒத்துக்கல, அரை மணி நேரம் சண்டை, கடைசில ஒத்துக்கிட்டேன். கெளம்புறப்ப வாசல் வரைக்கும் வந்து, "பையன் பங்குல இருந்து மாசம் ஆயிரம் அத்தைகிட்ட குடுங்கண்ணே. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்"னுச்சு. கொடிய பத்தி கேக்கணும்னு நினைச்சுத்தான் போனேன், வாய் வரல. அடுத்த மாசம் கணக்கு குடுக்க போறப்ப கேக்கணும்.

7 டிசம்பர்

இன்னைக்கு கொடிநாள். தேனி பஸ் ஸ்டாண்டுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க உண்டியலோட வந்துச்சுங்க, சட்டையில ஒரு கொடி குத்தி விட்டுச்சுங்க. 1949-ல இருந்து டிசம்பர் 7-னா இது நடக்குது, நானும் எத்தனையோ தடவ பத்து ரூபா போட்டுட்டு நடந்துருக்கேன். கலெக்டர் ஆபீஸ்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல அத்தைக்கு ஏதாச்சும் உதவி உண்டான்னு விசாரிச்சேன், மனு எழுதி குடுக்கச் சொன்னாங்க, எழுதிக் குடுத்துட்டேன்.

டெல்லி அண்ணன் போட்டோ அனுப்பிட்டாரு. பிரிண்ட் போட்டு அத்தைகிட்ட குடுத்தேன். எந்த எடத்துல பேரு ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு விரல் வச்சு காட்டச் சொல்லுச்சு.

சிலர் தனியா கேட்டதால நவம்பர் கணக்க இங்கயே போடுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க, நாளைக்கு நோட்டுல ஏத்தணும், "நம்மது" பக்கத்துக்கு அடுத்த பக்கத்துல.

வாடகை வரவு 62,600. டீசல் 27,900. முன் டயர் ரெண்டும் மாத்துனது 9,200. சர்வீஸ், ஆயில் 3,100. டிரைவர் சம்பளம் 12,000. மிச்சம் 10,400, அதுல பாதி 5,200. அத்தைக்கு 1,000 போக பையன் பேருல 4,200.

டயர் செலவு கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் தெரியும், ஆனா பழசு ரெண்டும் வழுக்கையாயிருந்துச்சு, போடி ரோட்டுல மழையில ஓட்ட முடியல. மாப்ள இருந்தா அவனும் மாத்தத்தான் சொல்லிருப்பான்.